மாடி அறையில் ஒரு ஏரி

ஜெபா,

இத்தனை மாதமாக எதைச் சொன்னாலும் சரி சரி என்று கேட்டுவிட்டு, போன ஞாயிற்றுக்கிழமை திடீரென்று முடியாது என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டாய். கேட்டதில் தப்பில்லை, உன் இடத்தில் நான் இருந்தாலும் கேட்டிருப்பேன். அப்போது நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன், நீ லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்றாய். எனக்கு வாயால் சொல்வதைவிட எழுதுவது சுலபம். ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்த காலத்திலிருந்தே அப்படித்தான். நோயாளியின் முகத்தைப் பார்த்து உங்களுக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று சொல்ல வராது, ரிப்போர்ட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவேன். இதையும் அந்த மாதிரி எடுத்துக்கொள். போட்டோ எடுத்து உன் அக்காவுக்கும் அனுப்பப் போகிறேன். நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடமும் காட்டு, எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆபீஸில் உட்கார்ந்து அவசரமாக மட்டும் படிக்காதே.

அப்பா போன அன்றைக்கு என்ன நடந்தது என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். எனக்குள் என்ன நடந்தது என்று சொன்னதில்லை. மாடியிலிருந்து இறங்கி வந்து, "நெஞ்சு ஒரு மாரி எரியுதுமே, மோர் இருந்தா குடு" என்றார். நான் கலக்கி எடுத்துக்கொண்டு வருவதற்குள் சோபாவில் சாய்ந்திருந்தார். எதிர்வீட்டு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். வழியிலேயே முடிந்துவிட்டது. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே இருந்ததால் நாடி நின்றது முதலில் எனக்குத்தான் தெரிந்தது, ஆட்டோக்காரரிடம் சொல்லவில்லை, அவர் பாவம் ஹாரன் அடித்துக்கொண்டே ஓட்டினார். அந்த நிமிஷத்தில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போடுவார்களே, அதற்கப்புறம் கன்னத்தைக் கிள்ளினால் கிள்ளுவது தெரியும், வலிக்காது. அப்படி ஆகிவிட்டது. நீ வந்து இறங்கி வாசலிலேயே நின்று குலுங்கிக் குலுங்கி அழுதபோது, இவன் சட்டை இவ்வளவு கசங்கியிருக்கிறதே, அயர்ன் பண்ணிக் கொடுக்கணும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சபையிலிருந்து வந்தவர்கள் அழுதுவிடுங்கள், பாரம் இறங்கும் என்றார்கள். அதற்கும் சரி என்றேன். நான் திடமாக இருக்கிறேன் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள், நீயும் அக்காவிடம் அப்படித்தான் சொன்னாய். திடமெல்லாம் கிடையாது. குழம்பில் உப்பு போட்டேனா இல்லையா என்றே தெரியாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

ரயில் சமாச்சாரத்துக்கு வருகிறேன். நீ ஜெர்மனிக்குப் போன வருஷம்தான் அப்பாவும் மண்ணூர்பேட்டை டூல் ரூமில் அச்சு செய்கிற வேலையிலிருந்து ரிட்டையர் ஆனார். அடுத்த கிறிஸ்துமஸுக்கு நீ வந்தபோது ஒரு சின்ன ரயில் செட் வாங்கிக்கொண்டு வந்தாய், அதைச் சாப்பாட்டு மேஜையில் வட்டமாகப் பூட்டி ஓடவிட்டுப் பார்த்தார். நாலு நாளில் அலுத்துவிடும் என்று நினைத்தேன். அவருக்கு அந்த வட்டம்தான் அலுத்தது. "ரயிலுன்னா எங்கியாவது போவணும். சுத்திகினே இருந்தா அது இன்னா ரயிலு" என்று சொல்லிவிட்டு, பிளைவுட் வாங்கிவந்து மாடியில் உன் அறையில் மூன்று சுவர் ஓரமாகவும் மேஜை அடித்துவிட்டார். அம்பத்தூரில் மெயின் லைனிலிருந்து பிரிந்து, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் ஷெட்டுகளுக்கு நடுவே வளைந்து வந்து, நம் அயனம்பாக்கம் ஏரிக்கரையில் முடிகிற ஒரு பாதை. நிஜத்தில் அப்படி ஒன்று இல்லை. ஏரிக்கரைக்கு ரயில் விடணும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்குத் தோன்றிவிட்டது என்பார். மின்சார ரயில் பெட்டிகளை சன்போர்டு அட்டையில் வெட்டி ஒட்டி, ஜன்னல் கம்பிகூட வைத்தார். ஷெட் தகரங்களுக்கு எந்த இடத்தில் துருப்பிடிக்கும் என்று யோசித்து யோசித்துப் பெயின்ட் தொட்டு வைப்பார். தண்டவாளத்துக்கு மேலே போகிற கரண்ட் கம்பிக்குப் பழைய மோட்டாரிலிருந்து உருவிய செப்புக் கம்பி. பிளாட்பாரம் முடிகிற இடத்தில் மஞ்சள் பலகையில் மூன்று பாஷையில் ஊர்ப் பெயர். எல்லாம் ஆகி, ஏரி மட்டும் பாக்கி. அது பழுப்பு அடித்த ஒரு வெறும் பள்ளமாக நின்றது.

அப்பா அடக்கம் முடிந்து நீ திரும்பிப் போவதற்கு முன்னால் ஹாலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பேசி முடித்தாய். வீட்டை விற்பது, நான் கோயம்புத்தூரில் அக்கா வீட்டு மாடிக்குப் போவது, ரயிலை அதில் ஆசை உள்ளவர் யாருக்காவது கொடுத்துவிடுவது. நான் எல்லாவற்றுக்கும் சரி என்றேன். உன்னை ஏர்போர்ட்டுக்கு அனுப்பிவிட்டு வந்து, மாடி அறை ஜன்னல்களைச் சாத்தி, கதவைப் பூட்டி, சாவியை ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன். கோடை முழுக்க அந்தப் பக்கம் போகவில்லை. போனால் துக்கம் வரும் என்ற பயத்தில் இல்லை. போகத் தோன்றவில்லை. அந்த மாதங்களில் நான் எதையாவது செய்தேன் என்றால் யாராவது செய்யச் சொன்னதால்தான்.

நீ இன்டர்நெட்டில் தேடிப் பிடித்த பிரபாகர் மழைக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை வந்தான். கோவில்பட்டிப் பக்கத்துப் பையன், ஐடி கம்பெனியில் வேலை, வேலப்பன்சாவடியில் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறான். கூட அவன் மனைவி மல்லிகாவும் வந்திருந்தாள். கதவைத் திறந்தால் உள்ளே அடுப்பு மாதிரி இருந்தது. மொட்டை மாடி வெயில் நேராக இறங்குகிற அறை, அப்பா இருந்தவரைக்கும் ஜன்னல் திறந்தே இருக்கும், ஃபேன் ஓடும். மூடி வைத்த சூட்டில் தண்டவாளம் நீண்டு, எஸ்டேட் வளைவில் வில் மாதிரி மேலே எழும்பி நின்றது. அதைப் பார்த்து அவன் முகம் வாடிப்போனதை நான் கவனித்தேன், ஆனால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் டேப்பை எடுத்து மேஜையையும் கதவையும் அளந்தான். மேஜை உள்ளேயே அடித்தது, கதவு வழியாக வெளியே போகாது. தயங்கித் தயங்கிச் சொன்னான், "ஆன்ட்டி, இதை அறுத்துத்தான் எடுக்க முடியும்." சரிப்பா என்றேன். அவன் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே இறங்கும்போது, அறுப்பதற்கு முன்னால் ஒரு தடவையாவது ஓட்டிப் பார்த்துவிடலாமே, இவர் சனிக்கிழமைதோறும் வந்து சரி செய்வார் என்றாள். அதற்கும் சரி என்றேன்.

அப்படித்தான் அது ஆரம்பித்தது. வளைந்த தண்டவாளத்தைப் பெயர்த்து, நறுக்கி, இணைப்பில் கொஞ்சம் இடைவெளி விட்டுத் திரும்பப் போட வேண்டியிருந்தது. போட்டதும் அதன் இரண்டு பக்கமும் ஜல்லி நிரப்ப வேண்டும். இங்கே ஜல்லி என்றால் டீ வடிகட்டியில் சலித்த மணல்தான். பெயின்ட் பிரஷ்ஷால் கட்டைகளுக்கு நடுவே ஒதுக்கி, தண்ணீர் கலந்த பசையைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பிரபாகர் விட்டால் சொட்டு பெரிதாக விழுந்து மணல் குழி விழுந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வாழ்நாளெல்லாம் லேபில் பிப்பெட் பிடித்துச் சொட்டு அளந்த கை என்னுடையது. கொடுப்பா இப்படி என்று வாங்கினேன். பசையில் பாத்திரம் கழுவுகிற திரவம் ஒரு துளி கலந்தால் மணலுக்குள் இறங்கும் என்று அவன் சொன்னான், அது சரியாகத்தான் இருந்தது. அன்றைக்கு இருட்டுகிறவரை நான் எழுந்திருக்கவில்லை. சந்தோஷமாக இருந்தது என்று நினைத்துக்கொள்ளாதே. கை வேலை செய்தது, நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் வாரநாட்களிலும் மதியம் சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போக ஆரம்பித்தேன். தெர்மாகோலில் ஏரிக்கரை மேடு, பச்சை ஸ்பாஞ்சைப் பிய்த்து ஆகாயத்தாமரை, தேங்காய் நாரில் கருவேல மரம். நீ கூப்பிட்டு என்னம்மா பண்ற என்று கேட்டால் ஒன்றுமில்லை என்றேன். ஏனென்றால் ஒன்றும் செய்வதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆவணி மாதம் ரயில் ஓடிற்று. அம்பத்தூரிலிருந்து கிளம்பி, வளைவில் தடுக்காமல் வந்து, மஞ்சள் பலகைக்கு முன்னால் நின்றது. மல்லிகா கைதட்டினாள். இனி அறுக்க ஆசாரியைக் கூட்டிவரலாம் என்று பிரபாகர் சொன்னான். மேஜையை அவன் வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு ஏரித் தண்ணீரை ஊற்றிக்கொள்ளலாம், அதுதான் பத்திரம் என்றும் சொன்னான். அதில் நியாயம் இருந்தது. ஆனால் நான், "இல்லப்பா, ஏரியை இங்கேயே ஊத்திடலாம்" என்றேன். ஏன் என்று கேட்டான். எனக்கே தெரியவில்லை. மாசக்கணக்கில் என் வாயிலிருந்து இல்லை என்ற வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை, அது எனக்குக் கீழே இறங்கிய பிறகுதான் உறைத்தது.

அடுத்த வாரம் ரெசின் கொண்டுவந்தான். இரண்டு பாட்டில், ஒன்றை இன்னொன்றில் சரியான அளவில் கலந்தால் ஒரு நாளில் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். அளவு பிசகினால் பிசுபிசுவென்றே நின்றுவிடும். கலக்குவது என் வேலை என்று சொல்லிவிட்டேன். நம் ஏரித் தண்ணீர் நிறத்துக்குப் பச்சையும் கொஞ்சம் பழுப்பும் சேர்த்து, குமிழி வராமல் மெதுவாகக் கிளறி, பள்ளத்தின் ஓரத்திலிருந்து ஊற்றினேன். பரவுகிறபோது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. தூசி விழாமல் மேலே அட்டை மூடிவிட்டு, பிரபாகர் ஏதோ வாங்க வெளியே போனான், மல்லிகா டீ போடக் கீழே போனாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். காலில் ஏதோ ஈரமாகப் பட்டது. குனிந்து பார்த்தால் மேஜைக்கு அடியில் நூல் நூலாக ரெசின் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஏரிக்கு நேர் கீழே இரண்டு பலகை சேருகிற சந்து. அப்பா அதன்மேல் பெயின்ட் அடித்திருந்தார், அடைக்கவில்லை. கீழே அவருடைய ரப்பர் செருப்பு, அன்றைக்கு இறங்கி வரும்போது கழற்றிப்போட்ட இடத்திலேயே கிடந்தது. இத்தனை மாதமாக அதைத் தாண்டித் தாண்டித்தான் நான் வேலை செய்திருக்கிறேன், எடுக்கணும் என்று தோன்றியதில்லை. அதன்மேல் பச்சையாக வழிந்துகொண்டிருந்தது.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரை வாங்க போங்க என்றே பேசிப் பழகிய வாய். "என்ன மனுஷன் நீ" என்று கத்தினேன். "ஊருக்கெல்லாம் அச்சு செஞ்சு குடுத்தியே, இந்தச் சந்தை அடைக்கத் தெரியலையா உனக்கு? பாதியில போட்டுட்டு மோர் குடுன்னு இறங்கி வந்துட்ட. அந்த மோரைக் குடிக்கவாவது இருந்தியா?" இன்னும் என்னென்னவோ சொன்னேன், அதெல்லாம் எழுத முடியாது. செருப்பைப் பிடித்து இழுத்தேன், கையெல்லாம் ஒட்டிற்று, அங்கேயே போட்டுவிட்டேன். மல்லிகா டம்ளரோடு ஓடிவந்து கதவருகில் நின்றாள். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பழைய துணியைக் கொண்டுவந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து என் பாதத்தைத் துடைத்தாள். நான் கொஞ்ச நேரம் திட்டிக்கொண்டே இருந்தேன், அவளும் துடைத்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் அந்த டீயைக் குடித்தேன். சர்க்கரை அதிகமாக இருந்தது. "என்னம்மா, இவ்வளவு சர்க்கரை போட்டிருக்க" என்றேன். அவள் அதற்கு அழுதாள், நான் அழவில்லை.

இதைப் படித்துவிட்டு அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. மறுநாள் காலையில் மறுபடியும் மரத்துப்போய்த்தான் எழுந்தேன். இப்போதும் பெரும்பாலான நாள் அப்படித்தான். ஆனால் அந்த மத்தியானம் நடந்தது நடந்ததுதான். பலகைச் சந்தை அடியிலிருந்து டேப் ஒட்டி, மேலேயும் அடைத்து, இறுகியதன்மேல் மெல்லிய படலமாகத் திரும்ப ஊற்றினோம். இந்தத் தடவை நின்றது.

அறுக்க வந்தவர் மண்ணூர்பேட்டை ஆசாரி, அப்பாவைத் தெரிந்தவர். மாடிக்கு வந்து பார்த்துவிட்டு, "இன்னாமா இது, அண்ணாத்த இவ்ளோ செஞ்சி வெச்சிகீறாரு, இத்தப் போய் அறுக்கச் சொல்றியே" என்றார். அறுங்கள் என்றேன். எங்கெங்கே வெட்டினால் கட்டடமும் ஏரியும் தப்பும் என்று பிரபாகரும் நானும் முன்னாலேயே கோடு போட்டு வைத்திருந்தோம். ரம்பம் இறங்கும்போது பலகை குதிக்காமல் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். தண்டவாளம் அறுபடும்போது ஒரு கிரீச் சத்தம் வரும், பல்லெல்லாம் கூசும். பிரபாகர் வெளியே போய் நின்றுகொண்டான். தரையோடு ஒட்டிப்போன செருப்பை ஆசாரி உளியால் பெயர்த்தார். நான் அதைக் குப்பையில் போட்டேன். குட்டியானை வண்டியில் ஏற்றிப் போன பிறகு அறையைப் பெருக்கினேன். காலியாக இருந்தது. உன் பழைய கட்டில் போட்டிருந்த இடத்தில் தரை மட்டும் வெளுப்பாக இருந்தது.

அதற்கப்புறம் நான் வேலப்பன்சாவடிக்குப் போக ஆரம்பித்தேன். அறுத்த துண்டுகளைச் சேர்க்கும்போது தண்டவாளம் ஒரு மயிரிழை விலகி நிற்கும், அந்த மயிரிழை போதும் சக்கரம் கீழே இறங்க. அரத்தால் தேய்த்து, இணைப்புக் கட்டி, ஈயம் உருக்கி சால்டர் வைத்து, திரும்ப ஜல்லி போட வேண்டும். அந்த வேலை நடந்துகொண்டிருக்கும்போதுதான் போன ஞாயிறு நீ கூப்பிட்டாய். அக்கா எனக்கான அறைக்குப் பெயின்ட் அடித்துவிட்டாள், டிக்கெட் போட்டுவிட்டேன் என்றாய். "நான் வரல, ஜெபா" என்றேன். வரலன்னா என்றாய். வீட்டை வித்துக்கோ, கோயம்புத்தூருக்கு வர முடியாது, எனக்கு வேலை இருக்கிறது என்றேன். அப்போது நீ சொன்னாய், "அம்மா, அது இப்ப நம்ம ரயில் இல்ல. அடுத்தவங்க வீட்டு ரயில்." அதற்கப்புறம்தான் முடியாது என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டாய்.

நீ சொன்னது உண்மை. அது பிரபாகருடையது. நாளைக்கு அவன் அதைப் பிரித்துப் போட்டாலும் நான் கேட்க முடியாது. அப்பா ஞாபகத்துக்காகப் போகிறேன் என்றும் நினைக்காதே, அந்தப் பலகைகளுக்கு முன்னால் உட்கார்ந்தால் அவர் ஞாபகம் அவ்வளவாக வருவதில்லை. சொட்டு விடுகிறபோது என் கை என்ன செய்கிறது என்று எனக்குத் தெரிகிறது. மற்ற நேரத்தில் தெரிவதில்லை. அக்கா வீட்டில் எனக்கு ஒரு குறையும் வராது, அது எனக்குத் தெரியும். வேளாவேளைக்குச் சாப்பாடு வரும், நானும் சரி சரி என்று சாப்பிட்டுக்கொண்டிருப்பேன், நீங்கள் இரண்டு பேரும் அம்மா நன்றாக இருக்கிறாள் என்று பேசிக்கொள்வீர்கள். எனக்கு அதை நினைத்தால் வேண்டாம் என்று இருக்கிறது. வேண்டாம் என்று எனக்கு இப்போது சொல்ல வருகிறது, அதை விட்டுவிட எனக்கு மனசில்லை.

உனக்குக் கல்யாணம் ஆகப் போகிறது. அம்மா என்ற முறையில் நான் சொல்ல வேண்டியது நிறைய இருக்கும், ஆனால் இந்த வருஷம் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். அந்தப் பெண் நீ சொல்வதற்கெல்லாம் சரி என்று சொல்லிக்கொண்டே இருந்தால் சந்தோஷப்பட்டுக்கொண்டு போய்விடாதே. பக்கத்தில் உட்கார். டீயில் சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று கேள். சண்டை போட்டால் போடட்டும். நீ நல்ல பிள்ளை, எதையும் சீக்கிரம் முடித்துவிடப் பார்ப்பாய், அது வேலையில் உதவும், வீட்டில் எப்போதும் உதவாது.

வேலப்பன்சாவடியில் காலேஜுக்குப் பின்னால் ஒரு வீட்டில் கீழ்ப் போர்ஷன் காலியாக இருக்கிறது, மல்லிகா காட்டினாள். ஒரு ரூம், சமையலறை, வாசலில் குழாய். எனக்குப் போதும். வீட்டுக்கு ஆள் வந்தால் நீ தாராளமாகப் பேசி முடி, எந்தக் காகிதத்தில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். மாடித் தரையில் பச்சையாக ஒரு கறை இருக்கிறது, எதைப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை என்று வாங்குகிறவர்களிடம் முன்னாலேயே சொல்லிவிடு. அக்காவிடம் நானே பேசுகிறேன். பெயின்ட் அடித்த அறையில் மாதத்துக்கு ஒரு வாரம் வந்து இருப்பேன், அது அவளுக்கும் போதும்.

நேற்று பிரபாகர் ஃபிளாட் வாசலில் புது வாட்ச்மேன். ஆம்பளை ஆட்களை விட்டுவிட்டு என்னை நிறுத்தி, "இன்னா வேலையா வந்துகீறீங்க?" என்று கேட்டார். என் பையில் வடிகட்டியும் பிரஷ்ஷும் அரமும் இருந்தன. தண்டவாளம் போடற வேலை என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மெட்ரோவாமா?" என்றார். அந்தப் பக்கம் ஹைவேயில் நடக்கிறதே, அதைத்தான் நினைத்துவிட்டார். "அது எப்பமா முடியும்?" என்று ரொம்ப அக்கறையாகக் கேட்டார். மற்றவர்கள் வேலையைப் பற்றி எனக்குத் தெரியாதுப்பா, என் பக்கம் சனிக்கிழமை சனிக்கிழமை நடந்துகொண்டிருக்கிறது என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, வண்டி போகிற பெரிய கேட்டை முழுசாகத் திறந்துவிட்டார்.

அம்மா